நாற்பது பேரும் ஒரு ஸ்கிரிப்டும்: யூனிக்ஸ் கணக்குகளைத் திறப்பது, மூடுவது

நான் பார்த்துக்கொள்ளும் லினக்ஸ் சர்வர்களுக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஒரு புதுக் கூட்டம் வரும், பழைய கூட்டம் கிளம்பும். பயிற்சி மையம் என்றால் அப்படித்தான். ஒரு தடவைக்கு நாற்பது பேர். ஆரம்ப நாட்களில் ஒவ்வொருவருக்கும் கையாலேயே கணக்கு திறந்துகொண்டிருந்தேன். மேல் அம்புக்குறியைத் தட்டி முந்தைய கமாண்டை எடுப்பது, பெயரை மாற்றுவது, என்டர். பதினைந்து பெயர் தாண்டினால் விரல் மட்டும்தான் வேலை செய்யும், கண் வேலை செய்யாது. அப்படி ஒருநாள் பெயரை மாற்றிவிட்டு ஹோம் டைரக்டரியை மாற்ற மறந்து, இரண்டு பேரை ஒரே வீட்டில் குடிவைத்துவிட்டேன். அன்றைக்குத்தான் ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தேன்.

பாஷ் ஷெல்லில் ஓரளவு எழுதத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிக்கு வரி கோட் இல்லை. எந்த இடத்தில் எந்தக் கமாண்ட், ஏன் அது, எங்கே கால் வழுக்கும் என்பதுதான்.

முதலில் பட்டியல்

ஸ்கிரிப்டுக்குள் பெயர்களை எழுதாதீர்கள். தனியாக ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வையுங்கள், ஆளுக்கு ஒரு வரி. என் ஃபைலில் நான்கு பகுதிகள்: லாகின் பெயர், யூஐடி எண் (சிஸ்டம் ஆளை அடையாளம் காணும் எண்), முழுப்பெயர், குரூப்கள். நடுவில் பிரிப்பதற்கு முக்காற்புள்ளி (:). கமா போடாததற்குக் காரணம், குரூப்களைக் கமா போட்டுத்தான் கணக்கு திறக்கும் யூசர்ஆட் கமாண்ட் கேட்கும். முக்காற்புள்ளியோ, கணக்கு விவரங்கள் இருக்கும் பாஸ்வேர்ட் ஃபைலே தன் ஏழு பகுதிகளையும் அதை வைத்துத்தான் பிரிக்கிறது. அதனால் எவருடைய பெயரிலும் அது இருக்க முடியாது.

இந்த ஃபைலை வொயில் லூப் போட்டு ரீட் கமாண்டால் படிக்கிறேன். பிரிப்பானை ரீட் வரியிலேயே கொடுத்துவிட்டால் மற்ற இடங்களைப் பாதிக்காது. ரீடுக்கு ஆர் ஆப்ஷன் கட்டாயம். இல்லையென்றால் பேக்ஸ்லாஷை விழுங்கிவிடும். # என்று ஆரம்பிக்கும் வரியையும் காலி வரியையும் தாண்டிவிடுங்கள்.

இங்கே இரண்டு குழிகள். இரண்டிலும் விழுந்திருக்கிறேன். ஃபைலின் கடைசி வரிக்குப் பிறகு என்டர் இல்லாவிட்டால் ரீட் அந்த வரியைப் படித்துவிட்டுத் தோல்வி என்று சொல்லும், லூப் நின்றுவிடும். நாற்பதாவது ஆள் மட்டும் ஒவ்வொரு முறையும் கணக்கு இல்லாமல் வந்து நிற்பார். ரீட் தோற்றாலும் பெயர் காலியாக இல்லையென்றால் உள்ளே போ என்று லூப் நிபந்தனையில் ஓர் அல்லது போட்டுவிட்டால் சரி.

இரண்டாவது இதைவிடக் குசும்பு. அலுவலகத்திலிருந்து பட்டியல் விண்டோஸில் சேமித்து வந்தது. ஓட்டினால் குரூப் இல்லை என்கிறது. குரூப் ஃபைலைத் திறந்தால் கண்ணெதிரே இருக்கிறது! ஒரு மணி நேரம் குழம்பிவிட்டு, கேட் கமாண்டுக்குப் பெரிய ஏ ஆப்ஷன் கொடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரிக்கடைசியிலும் ^எம் என்று கண்ணுக்குத் தெரியாத கேரியேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசிப் பகுதி குரூப் என்பதால் குரூப் பெயரோடு சேர்ந்துவிட்டது. இப்போது ஸ்கிரிப்டின் முதல் வேலை டிஆர் கமாண்டால் அதை உதிர்ப்பதுதான்.

லாகின் பெயரைச் சோதிக்காமல் உள்ளே விடாதீர்கள். சின்ன எழுத்தில் தொடங்கட்டும். அதற்குப் பிறகு சின்ன எழுத்து, எண், அடிக்கோடு, ஹைஃபன். மொத்தம் 32 எழுத்துக்குள். வரிசை எண்ணையே லாகின் பெயராகக் கேட்பவர்கள் உண்டு. வெறும் எண்ணாக இருந்தால் அது பெயரா யூஐடியா என்று ஃபைலின் உரிமையாளரை மாற்றும் சிஓன் மாதிரியான கமாண்டுகளுக்குக் குழப்பம் வரும். முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்.

ஆள் ஏற்கெனவே இருக்கிறாரா?

பலரும் பாஸ்வேர்ட் ஃபைலில் கிரெப் போடுவார்கள். மணி என்று தேடினால் மணிமேகலையும் மாட்டுவார். மணி ஏற்கெனவே இருக்கிறார் என்று நினைத்து, அவருக்குக் கணக்கே திறக்காமல் ஸ்கிரிப்ட் தாண்டிப் போய்விடும். கெட்என்ட் பயன்படுத்துங்கள். சரியான பெயரை மட்டும் பார்க்கும். கணக்குகள் எல்டாப் என்ற மையப் பட்டியலில் இருந்தாலும் அங்கேயும் கேட்டுவரும். இருந்தால் 0, இல்லையென்றால் 2 என்று வெளியேறும். அதை இஃப் நிபந்தனைக்குள் வைத்தால் போதும்.

இருந்தால் தாண்டு, இல்லையென்றால் திற. குரூப்களுக்கும் அதே கதை. குரூப்ஆட் கமாண்டுக்கு எஃப் ஆப்ஷன் கொடுத்தால் குரூப் ஏற்கெனவே இருந்தாலும் முறைக்காது.

கணக்கைத் திறப்பது யூசர்ஆட். ஹோம் டைரக்டரி வேண்டும் என்று எம் ஆப்ஷனை வெளிப்படையாகச் சொல்லுங்கள். ரெட் ஹேட் குடும்பத்தில் சொல்லாவிட்டாலும் உருவாகும், டெபியனில் உருவாகாது. ஷெல்லையும் அப்படியே எழுதிவிடுங்கள். ஆட்யூசர் என்று இன்னொன்று இருக்கிறதே என்பீர்கள். டெபியனில் அது கேள்வி கேட்கும் தனி பெர்ல் புரோகிராம். ரெட் ஹேட்டில் அது யூசர்ஆட்டுக்கே இன்னொரு பெயர். பெயர் ஒன்று, குணம் இரண்டு. ஸ்கிரிப்டில் அதைத் தொடுவதில்லை.

யூஐடியை ஏன் பட்டியலிலேயே எழுதுகிறேன்? எங்கள் ஹோம் டைரக்டரிகள் நெட்வொர்க் வழியாகப் பல மெஷின்கள் பகிரும் என்எஃப்எஸ்ஸில் இருக்கின்றன. சாதாரண அமைப்பில் என்எஃப்எஸ்ஸுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். ஒரு மெஷினில் 1012 மணி, இன்னொன்றில் 1012 செல்வி என்றால் செல்வி மணியின் ஃபைல்களை அழிக்கலாம், கேட்க ஆளில்லை. எண்ணை நாமே கொடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு, அது வழியனுப்பும்போது தெரியும்.

பாஸ்வேர்ட்

யூசர்ஆட்டுக்குப் பி ஆப்ஷன் இருக்கிறது. தொடாதீர்கள். அது எதிர்பார்ப்பது பாஸ்வேர்டை அல்ல, ஹாஷ் செய்த (திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றிய) வடிவத்தை. சாதாரண எழுத்தாகக் கொடுத்தால் ஹாஷ்கள் இருக்கும் ஷேடோ ஃபைலில் அப்படியே போய் உட்கார்ந்துகொள்ளும், லாகின் என்றைக்கும் நடக்காது. போதாததற்கு, கமாண்ட் வரியில் எழுதியது அந்த நேரத்தில் ஓடும் புரோசஸ்களைக் காட்டும் பிஎஸ் கமாண்டைப் போடும் எவருக்கும் தெரியும்.

பதிலாக, பெயரும் பாஸ்வேர்டும் முக்காற்புள்ளியோடு ஒரு வரியாக சிஎச்பாஸ்வேர்ட் கமாண்டுக்குப் பைப்பில் அனுப்புங்கள். பிரின்ட்எஃப் பாஷுக்குள்ளேயே இருப்பதால் பிஎஸ் பட்டியலில் வராது. ஆளுக்கு ஒரு தற்காலிகப் பாஸ்வேர்ட், தனித்தனியாக. எல்லோருக்கும் ஒன்றே என்றால் அது பாஸ்வேர்ட் இல்லை, அறிவிப்புப் பலகை. அப்புறம் சேஜ் கமாண்டில் டி ஆப்ஷனுக்கு 0 கொடுத்தால் முதல் லாகினிலேயே மாற்றச் சொல்லும். பாஸ்வேர்டுகளை எழுதும் ஃபைலுக்கு முன்னால் மற்றவர்கள் படிக்க முடியாதபடி யூமாஸ்க் 077 வைக்க மறக்காதீர்கள்.

குரூப்: நான் என்னையே வெளியே பூட்டிய நாள்

இருக்கும் கணக்கை மாற்றும் யூசர்மாட்டில் பெரிய ஜி ஆப்ஷன் கூடுதல் குரூப்களைக் குறிக்கும். பலரும் அதைச் சேர்ப்பது என்று நினைக்கிறார்கள். அது சேர்ப்பதில்லை, பட்டியலையே மாற்றி எழுதும். சேர்க்க வேண்டுமானால் கூடவே சின்ன ஏ இருக்க வேண்டும்.

நான் என் கணக்கை ஒரு புதிய குரூப்பில் சேர்க்கப் போய் அந்த ஏவை விட்டுவிட்டேன். நிர்வாகி உரிமை தரும் சூடோ குரூப்பிலிருந்து என் பெயர் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால் திறந்திருந்த டெர்மினலில் சூடோ தொடர்ந்து வேலை செய்தது. குரூப் விவரம் லாகின் நேரத்தில் பிடித்துக்கொண்டதுதானே. மறுநாள் காலை லாகின் செய்த பிறகுதான் தெரிந்தது. அந்த மெஷினில் ரூட் பாஸ்வேர்டும் பூட்டியிருந்தது, நிர்வாகி என்று இருந்தது நான் ஒருவன்தான். ரெக்கவரி மோடில் பூட் செய்து சரிசெய்தேன், நாற்பது பேர் வேடிக்கை பார்க்க. பல சர்வர்களைத் தானாக நிர்வகிக்கும் அன்சிபிள் பக்கம் போனாலும் இந்தக் குழி கூடவே வரும்: யூசர் மாட்யூலில் அப்பெண்ட் என்பதை நாமாக இயக்காவிட்டால் அதுவும் மாற்றித்தான் எழுதும்.

எனவே என் ஸ்கிரிப்டில் யூசர்மாட் ஒரே ஒரு ஃபங்ஷனுக்குள்தான் இருக்கிறது, ஏ, ஜி இரண்டோடும். குரூப்பிலிருந்து நீக்க ஜிபாஸ்வேர்ட் கமாண்டின் டி ஆப்ஷன். ஒரு குரூப்பை மட்டும் தொடும், மற்றவை பத்திரம்.

குரூப்பில் சேர்த்தேன், வேலை செய்யவில்லை என்று யாராவது வந்தால், ஐடி கமாண்டை இரண்டு விதமாகப் போடச் சொல்லுங்கள். வெறும் ஐடி அவருடைய இப்போதைய செஷனைக் காட்டும். பெயரோடு போட்டால் கணக்கில் எழுதியிருப்பதைக் காட்டும். இரண்டும் வேறாக இருந்தால் வெளியேறி மறுபடி லாகின் செய்தால் சரியாகிவிடும். டெர்மினலை மூடினாலும் செஷனை ஓடவைக்கும் டிமக்ஸைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் அதையும் மூடச் சொல்ல வேண்டும்.

குழுவுக்குப் பொது டைரக்டரி வேண்டுமென்றால் குரூப்பை மாற்றி 2770 அனுமதி கொடுங்கள். முன்னால் உள்ள 2 காரணமாக உள்ளே உருவாகும் ஃபைல்களும் அதே குரூப்பிலேயே இருக்கும்.

வழியனுப்புவது

சேர்ப்பதற்கு ஸ்கிரிப்ட் எழுதியவர்கள் நிறைய. நீக்குவதற்கு எழுதியவர்கள் குறைவு, பிரச்சினை முழுக்க அங்கேதான்.

யூசர்மாட்டின் பெரிய எல் ஆப்ஷன் கணக்கைப் பூட்டும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது ஷேடோ ஃபைலில் ஹாஷுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறியை வைக்கிறது, அவ்வளவுதான். பாஸ்வேர்டுக்குப் பதிலாக எஸ்எஸ்எச் சாவி வைத்திருப்பவர் தாராளமாக உள்ளே வருவார். அதோடு காலாவதித் தேதியை 1 என்று வையுங்கள். 1970 ஜனவரி 2 என்று பொருள், எப்போதோ முடிந்துபோன தேதி.

என் வரிசை இது. முதலில் பூட்டு, காலாவதி. அடுத்து பிகில் கமாண்டால் அவருடைய ஓடும் புரோசஸ்களை நிறுத்துவது, நேரம் வைத்து ஓடும் வேலைகளின் பட்டியலான கிரான்டேபை எடுப்பது. பிறகு ஹோம் டைரக்டரியைத் தார் செய்து (ஒரே ஃபைலாகக் கட்டி) ஓரமாக வைப்பது. ஒரு மாதம் காத்திருந்து, யாரும் கேட்கவில்லை என்றால் யூசர்டெல், ஆர் ஆப்ஷனோடு.

அது ஹோம் டைரக்டரியையும் மெயில் ஃபைலையும்தான் எடுக்கும். வேறு இடங்களில் அவர் உருவாக்கியவை வெறும் எண்ணை உரிமையாளராக வைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும். ஃபைண்ட் கமாண்டின் நோயூசர் நிபந்தனை அவற்றைப் பட்டியலிடும். கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும்? யூசர்ஆட் தானாக எண் தரும்போது, இருக்கும் பெரிய எண்ணுக்கு அடுத்ததைக் கொடுக்கும். கடைசியாகச் சேர்ந்தவரை நீக்கிவிட்டு இன்னொருவரைச் சேர்த்தால் அதே எண் கிடைக்கும். எங்களிடம் ஒரு புதியவர் முதல் நாளே பழைய ஆளின் புராஜெக்ட் ஃபைல்களுக்குச் சொந்தக்காரர் ஆனார். அவருக்கே ஆச்சரியம். பட்டியலில் எண்ணை நானே எழுதுவதும், போனவர்களின் வரிகளை அழிக்காமல் # போட்டு வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

நீக்கும் ஸ்கிரிப்டின் தலையில் இரண்டு காவல் இருக்க வேண்டும். மதிப்பே கொடுக்காத வேரியபிளைத் தொட்டால் நின்றுவிட செட் (set) கமாண்டின் யூ ஆப்ஷன். யூஐடி 1000-க்குக் கீழே என்றால் தொடமாட்டேன் என்று ஒரு சோதனை. அவை சிஸ்டம் கணக்குகள். ஆர்எம் கமாண்டையே அங்கே எழுதாதீர்கள்.

ஃப்ரீபிஎஸ்டியில் யூசர்ஆட், யூசர்மாட், யூசர்டெல் கிடையாது, பிடபிள்யூ என்ற ஒன்றே அவற்றின் வேலையைச் செய்யும். மேக்கில் டிஎஸ்சிஎல். அல்பைனில் பிஸிபாக்ஸின் ஆட்யூசர்தான். இரண்டு வகை மெஷின் இருந்தால் திற, சேர், நீக்கு என்று மூன்று ஃபங்ஷன்கள் எழுதி உள்ளே மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். எங்கேயும் பாஸ்வேர்ட் ஃபைலை செட் (sed) எடிட்டரால் நேரே திருத்தாதீர்கள். கையால் திருத்தியே ஆக வேண்டும் என்றால் விஐபிடபிள்யூ இருக்கிறது, அது பூட்டுப் போட்டுத் திறக்கும்.

ஓட்டும் முறை: முதலில் ஒத்திகை, எதையும் செய்யாமல் செய்யப்போவதை மட்டும் அச்சிடும். அடுத்து உண்மை ஓட்டம். பிறகு பிடபிள்யூசிகே, ஜிஆர்பிசிகே இரண்டும் ஆர் ஆப்ஷனோடு, ஃபைல்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று. கடைசியாக அதே பட்டியலோடு ஸ்கிரிப்டை இன்னொரு முறை ஓட்டுவேன். அப்போது புதிதாக ஒன்றையும் செய்யக்கூடாது. ஒரு வரி அச்சானாலும் பாஸ்வேர்ட் தாள்களை யாரிடமும் கொடுப்பதில்லை.