சிங்கப்பூருக்குப் புதிதாக வந்திருக்கும் டெல்டா தம்பிகளுக்கு: முதலில் நண்டு வளையை அடையுங்கள்

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கமிருந்து திருச்சியில் விமானம் ஏறி வந்திருக்கும் தம்பிகளுக்காக எழுதுகிறேன். எம்ஆர்டி ரயிலில் எப்படிப் போவது, சிம் எங்கே வாங்குவது என்பதையெல்லாம் ரூமில் இருப்பவர்களே இரண்டு நாளில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். கையில் காசு நிற்க என்ன வழி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

வயலுக்குத் தண்ணீர் கட்டியிருப்பீர்கள். சாயங்காலம் நிறைந்து நின்ற வயலில் காலையில் சேறு தெரியும். மடை அடைத்தபடியே இருக்கும், வரப்பும் எங்கேயும் உடைந்திருக்காது. அப்பா மண்வெட்டியோடு குனிந்தபடியே வரப்பைச் சுற்றி வருவார். ஓரிடத்தில் நின்று புல்லை விலக்குவார். அடியில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு நண்டு வளை. அதன் வழியாகத் தண்ணீர் சத்தமே இல்லாமல் பக்கத்து வயலுக்குப் போய்க்கொண்டிருக்கும். களிமண்ணை உருட்டித் திணித்துக் காலால் மிதித்துவிட்டு, அடுத்த வளையைத் தேடிப் போவார். சிங்கப்பூரில் நம் சம்பளம் போகிற வழியும் அதுதான்.

ஏஜென்டுக்குக் கட்ட ஊரில் மூன்று லட்சம் மூணு வட்டிக்கு வாங்கி வந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். வட்டி மட்டும் மாதம் 9,000 ரூபாய். ஒரு வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், 65 ரூபாய் என்று போட்டால் ஏறக்குறைய 140 வெள்ளி. இப்போது உங்கள் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் ஒரு தே (டீ), பத்து மணிக்கு மெஷினில் ஒரு டின் குளிர்பானம், வேலை விட்டு வரும்போது ஒரு கறிபாப். நாலரை வெள்ளி ஆகிவிடும். முப்பது நாளைக்கு 135. நான் வந்த புதிதில் எட்டு மாதம் வட்டி மட்டுமே கட்டினேன், அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. சம்பளம் போதவில்லை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

வயிற்றைக் கட்டச் சொல்லவில்லை. வெயிலில் கம்பி கட்டுகிறவர் வயிறார சாப்பிட்டே ஆக வேண்டும். ஆனால் இங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பெரிய பாட்டிலாக இரண்டு வாங்கி நிரப்பிக்கொண்டு போனால் டின் செலவு நின்றுவிடும். ராத்திரி படுக்குமுன் ஒரு சின்ன நோட்டில் அன்றைய செலவை எழுதுங்கள், ஐம்பது காசு கூட விடாமல். வரப்பைச் சுற்றுகிற மாதிரிதான் இதுவும். எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று பத்து நாளில் தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய வளை. சிராங்கூன் ரோட்டுக்கு ஒரு சட்டை எடுக்கப் போகிறவர் இயர்போன், வாட்ச், சென்ட் என்று பையோடு திரும்புகிறார். சம்பளம் வந்த அன்றே ஊருக்கு அனுப்பிவிடுங்கள், ஞாயிறு வரை வைத்திருக்க வேண்டாம். வெளியே கிளம்பும்போது ஏடிஎம் கார்டை லாக்கரில் வைத்துவிட்டு, நோட்டாக முப்பது வெள்ளி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்த பொருளை அன்றைக்கு வாங்காமல் பெயரையும் விலையையும் எழுதிக்கொண்டு வாருங்கள். இரண்டு ஞாயிறு கழித்தும் அது வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள். என் நோட்டில் எழுதியதில் பாதிக்கு மேல் நானே மறந்துபோனேன்.

இங்கே லாட்டரியும் உண்டு. டோட்டோ குலுக்கல் திங்கள், வியாழன். ஃபோர் டி புதன், சனி, ஞாயிறு. ஆக வாரத்தில் ஐந்து நாள் ஆசை காட்டும். கேசினோவுக்குள் நுழையச் சிங்கப்பூர்க்காரரும் பிஆரும் (நிரந்தரவாசிகள்) 150 வெள்ளி கட்ட வேண்டும், நமக்குக் கட்டணம் இல்லை. அதை ஒரு சலுகை என்று எடுத்துக்கொண்டு உள்ளே போனவர்களின் குடும்பங்களை எனக்குத் தெரியும். உள்ளே விடாதே என்று உங்கள் பெயரை நீங்களே பதிந்து தடை வாங்கிக்கொள்ள இங்கே வழி இருக்கிறது. சபலம் உள்ளவர்கள் தயங்காமல் அதைச் செய்யுங்கள்.

கை கடிக்கும்போது போனில் ‘லோன் வேண்டுமா’ என்று செய்தி வரும். இது மட்டும் நன்றாக மனதில் இருக்கட்டும்: லைசென்ஸ் வாங்கி வட்டிக்குக் கடன் கொடுக்கிறவர் எஸ்எம்எஸ்ஸிலோ வாட்ஸ்அப்பிலோ ஆள் பிடிக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். அப்படி வருகிறவர்கள் ஆலோங், அதாவது திருட்டு வட்டிக்காரர்கள். லைசென்ஸ் உள்ளவரிடமும் மாதத்துக்கு 4 சதவீதம் வரை வட்டி உண்டு, நம்மூர்க் கணக்கில் நாலு வட்டி. அதோடு 500 வெள்ளி வாங்கினால் 50 வெள்ளி வரை கட்டணமாகவும் எடுக்கலாம். ஆண்டுச் சம்பளம் 10,000 வெள்ளிக்குக் கீழே உள்ள வெளிநாட்டவர் அவர்களிடம் மொத்தமே 500 வெள்ளிதான் வாங்க முடியும். கூட்டாளியின் போன் தவணைக்கு உங்கள் பெயரைக் கொடுக்காதீர்கள். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

ஊர்ப் பக்கமும் ஒரு வரப்பு இருக்கிறது. பேராவூரணிப் பக்கத்துத் தம்பிகளுக்கு ஆடி, ஆவணியில் மொய் விருந்து வரும். அது திரும்பச் செய்தே ஆக வேண்டிய பணம். மொய் நோட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, எவ்வளவு செய்ய வேண்டும் என்று ஆனி மாதமே கணக்குப் போட்டுவிடுங்கள். பைக், காதுகுத்து, ஃபிளெக்ஸ் போர்டு என்று வருகிற பேச்சுக்கு மட்டும் ‘கடன் இன்னும் இவ்வளவு நிற்கிறது’ என்று தொகையோடு சொல்லுங்கள். நமக்கு எவ்வளவு கடன் என்று தெரியாமல் கேட்கிறவர்கள்தான் அதிகம். வீட்டில் மறைக்காதீர்கள்.

முதல் தடவை ஊருக்குப் போனபோது நான் பெட்டியை நிரப்புவதற்காக ரூம்காரரிடம் 600 வெள்ளி கடன் வாங்கினேன். சாக்லேட், சென்ட், போர்வை, டார்ச் லைட். தெருவில் எல்லோருக்கும் கொடுத்தேன். அம்மாவின் சங்கிலி அப்போது அடகில் இருந்தது. வெறுங்கழுத்தோடு நின்றுகொண்டுதான் வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தது. அடுத்த தடவை கோடாலித் தைலம் நாலு பாட்டிலும் குழந்தைகளுக்கு ஒரு மிட்டாய்ப் பையும்தான் கொண்டுபோனேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மன்னார்குடி பேங்குக்குப் போனேன்.