முயலுக்குப் பின்னங்கால் விழுந்துவிட்டால்

முந்தைய இரவு வரை கூண்டுக்குள் துள்ளிக்கொண்டிருந்த முயல், விடிந்ததும் முன்னங்கால்களை மட்டும் ஊன்றி உடலை இழுத்துக்கொண்டு வந்தால், எங்கள் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பெரியவர்கள் முதலில் சொல்வது, "சுளுக்காக இருக்கும், எண்ணெய் போட்டு நீவி விடு" என்பதுதான். அதை மட்டும் செய்ய வேண்டாம். முயலின் எலும்புகள் அனைத்தும் சேர்ந்தே அதன் உடல் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம்தான் இருக்கும். பின்தொடைத் தசைகளோ மிகவும் வலுவானவை. இடிச் சத்தத்திலோ நாயைக் கண்டோ மிரண்டு உதைத்தாலும், பின்பகுதியைத் தாங்காமல் தூக்கும்போது காற்றில் உதைத்தாலும், அந்த ஒரே உதையில் இடுப்பை ஒட்டிய முதுகெலும்பு முறியவோ விலகவோ கூடும். அப்படி முறிந்த இடத்தை நீவினால், உள்ளே ஓடும் தண்டுவடம் இன்னும் நசுங்கும்.

ஆகவே முதல் வேலை, முயலை அசையாமல் வைப்பது. எங்கள் முயலுக்கு ஐப்பசி மாதத்து இடிமழை இரவொன்றில் இப்படி நேர்ந்தபோது கைக்குக் கிடைத்தது ஒரு சுளகு, அதாவது முறம்தான்; அதைவிடப் பொருத்தமான தூக்குப் பலகை வீட்டில் வேறு இருக்காது என்பது பிறகுதான் புரிந்தது. சுளகில் ஒரு துண்டை விரித்து, முயலின் பக்கத்தில் தரையோடு தரையாக வைத்து, ஒருவர் நெஞ்சையும் மற்றவர் இடுப்பையும் ஒரே நேரத்தில் தாங்கி, முதுகு வளையாமல் அதன்மேல் நகர்த்த வேண்டும். மேலே இன்னொரு துணியைப் போர்த்தினால் அது மிரளாமல் கிடக்கும். காதைப் பிடித்துத் தூக்கும் பழக்கத்தை எந்த நாளிலும் விட்டுவிட வேண்டும்.

அடுத்து, தொடாமல் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பாதத்தின் மேற்புறம் தரையில் படும்படி மடங்கிக் கிடக்கிறதா, ஒரு கால் மட்டும் சோர்ந்ததா அல்லது இரண்டுமா, தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, கருவிழி இங்குமங்கும் ஆடுகிறதா, சிறுநீர் தானாக ஒழுகுகிறதா, கடைசியாகப் புழுக்கை போட்டது எப்போது என்பதைக் குறித்து வையுங்கள். அரை நிமிடம் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் மருத்துவமனை மேசையில் பயந்து உறைந்துபோகும் முயல் எதையும் காட்டாது. கால் விரலைக் கிள்ளி உணர்ச்சி இருக்கிறதா என்று நீங்களே சோதிப்பதில் பயனில்லை. தண்டுவடம் அறுந்த பிறகும் கால் தானாக உள்ளிழுத்துக்கொள்ளலாம், வலியை முயல் உணர்கிறதா என்பதை அதன் முகத்தைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல முடியும்.

காரணம் எப்போதும் முறிவுதான் என்பதில்லை. என்செஃபாலிட்டோசூன் குனிகுலி என்ற நுண்ணுயிர், நோயுற்ற முயலின் சிறுநீர் வழியே மற்ற முயல்களுக்குப் பரவி, மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கிப் பின்னங்கால்களைத் தளர்த்தும். தலைச் சாய்வும் சிறுநீர் ஒழுக்கும் சேர்ந்து வந்தால் இந்த ஐயம் வலுக்கும். இதற்கு மருத்துவர்கள் வழக்கமாக ஃபென்பென்டசோல் மருந்தை 28 நாட்கள் தொடர்ந்து கொடுப்பார்கள். இரத்தப் பரிசோதனை, அந்த நுண்ணுயிர் எப்போதோ உடலுக்குள் வந்ததைக் காட்டுமே தவிர, இப்போதைய தளர்ச்சிக்கு அதுவே காரணம் என்று உறுதியாகச் சொல்லாது. வயதான முயலுக்கு மூட்டுத் தேய்மானம் மெல்ல மெல்ல வருவது, திடீரென்று வராது. அக்னி நட்சத்திர வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்த முயல் துவண்டு கிடந்தால், அது பெரும்பாலும் வெப்பத் தாக்குதல்: உடல் முழுவதும் துவளும், காதுகள் கொதிக்கும், மூச்சு வாங்கும். அப்போது நிழலுக்கு மாற்றி, காதுகளைக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் துடைக்கலாம். பனிக்கட்டித் தண்ணீரில் முக்கக் கூடாது.

மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். மனிதருக்கான வலி மாத்திரைகள் வேண்டாம். மருந்துக் கடையில் எளிதாகக் கிடைக்கும் அமாக்சிசிலினை வாய்வழியே கொடுத்தால், முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, கால் பிழைப்பதற்கு முன் உயிர் போய்விடும். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு நஞ்சு.

மருத்துவரிடம் போகும் முன், முயலுக்கு வைத்தியம் பார்த்த பழக்கம் உண்டா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கைராசிக்காரரான மருத்துவர்கூட முயலை அரிதாகவே பார்த்திருப்பார். கால்நடை ஆம்புலன்சுக்கான 1962 என்ற எண்ணில் வழி கேட்கலாம். எக்ஸ்ரேக்காக மதுரைக்குப் போக நேர்ந்தால், ராமநாதபுரத்திலிருந்தே 100 கிலோமீட்டருக்கு மேல் பயணம். ராமேஸ்வரம் தீவுக்காரர்களுக்கு இன்னும் 50 கூடும். அதிகாலையில் கிளம்பி, உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வையுங்கள். பட்டினியாக மட்டும் கொண்டுபோகாதீர்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, ஆகையால் மயக்க மருந்து கொடுப்பதற்குக்கூட அதைப் பட்டினி போட வேண்டியதில்லை.

கால் போனதால் மட்டும் இறக்கும் முயல்கள் குறைவு. குடல் நின்று இறப்பவையும், சிறுநீரில் ஊறிப் புண்ணாகி இறப்பவையும் அதிகம் என்பது என் எண்ணம். 12 மணி நேரம் எதையும் தின்னாத முயல் ஆபத்தில் இருக்கிறது. அருகம்புல்லையும் கொத்தமல்லியையும் வாய்க்கு எட்டும் இடத்தில் வைத்தும் தொடாவிட்டால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, முயல் தீவனக் குச்சிகளை ஊற வைத்துக் குழைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சால் கடைவாய்ப் பக்கமாகச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். தண்ணீர் தட்டையான கிண்ணத்தில் இருக்கட்டும், அதுவும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். கடலோரக் கிணற்றின் உவர்ப்பை முகர்ந்துவிட்டுக் குடிக்காமல் ஒதுங்கும் முயலும் உண்டு. இரவில் தானே குனிந்து தின்னும் மென் புழுக்கையை அதனால் எட்ட முடியாது என்பதால், அது பின்புறத்தில் ஒட்டியிருந்தால் எடுத்து முன்னே வையுங்கள். அருவருப்பு வேண்டாம், அது அதற்கு உணவுதான்.

அடிவயிறு இறுகிய எலுமிச்சம்பழம் போல் தட்டுப்பட்டுச் சிறுநீர் வராமல் இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீர்ப்பையை அழுத்தி வெளியேற்றும் முறையை அவர் செய்து காட்டாமல் நீங்கள் முயலக் கூடாது. சிறுநீர் ஒழுகும் முயலுக்குச் சாக்கின்மேல் பழைய கைலியை நான்கு மடிப்பாக விரித்து, நனைந்ததும் மாற்றுங்கள்; மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். பின்பகுதியை மட்டும் வெதுவெதுப்பான நீரில் துடைத்து ஈரம் ஒற்றி எடுங்கள். முழுதாகக் குளிப்பாட்ட வேண்டாம். கருவாடு காயும் ஊரில் ஈயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஈரமான ரோமத்தில் ஈ இட்ட முட்டை ஒரே நாளில் புழுவாகித் தசைக்குள் இறங்கும் என்பதால், காலையும் மாலையும் வாலைத் தூக்கிப் பார்ப்பதும், கூண்டைக் கொசுவலையால் மூடுவதும் தவறக் கூடாது.

முறிவென்று உறுதியாகி அறுவை இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னால், திரும்பிப் படுக்க மட்டும் இடமுள்ள கூண்டில் ஆறு வாரம் வரை ஓய்வு தேவைப்படலாம். கால்களில் வலியுணர்ச்சியே இல்லை, நாட்கள் கடந்தும் மாற்றமில்லை என்றால், வேதனையில்லாமல் உயிரை முடித்துவிடலாமா என்று மருத்துவர் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியைக் கொடுமை என்று எண்ணாமல், வீட்டில் பகலிரவாகப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

எங்கள் முயல் மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், பின்னங்காலைத் தூக்கிக் காதைச் சொறிய முயன்று பக்கவாட்டில் சரிந்தது; தேறி வருவதற்கு மருத்துவர் எதிர்பார்க்கச் சொன்ன அடையாளம் அதுதான். இப்போதும் இடது காலைச் சற்று இழுத்தே நடக்கிறது. டைல்ஸ் தரையில் அதற்குக் கால் வழுக்குவதால், கூண்டிலிருந்து அடுப்படி வரை சாக்கு விரித்திருக்கிறோம்.