மடைமுறை கேட்கப் போகிறவர்கள் வெற்றிலை வாங்கிக்கொண்டு போங்கள்

மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்த் தகராறு வழக்காகி என் மேசைக்கு வந்தது. எந்த மடை முதலில் திறக்கும், யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. அச்சடித்த 23 கேள்விகளோடும் செல்போன் ரெக்கார்டரோடும் மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சித் தாத்தாவைப் பார்க்கப் போனேன். "சட்டம் படிச்சவ நீ. என்கிட்ட என்னத்தா கேக்குற?" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

எங்கே தப்பு செய்தேன் என்பது அனிஷினாபே மக்களின் சட்டத்தைப் பற்றிப் படித்தபோதுதான் உறைத்தது. வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றி, கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் பூர்வகுடிகள் அவர்கள். சட்டத்தை இனாகொனிகேவின் என்கிறார்கள். அது பெரும்பாலும் பெரியவர்களின் கதைகளிலும் சடங்குகளிலும் நிலத்திலும் இருக்கிறது. மனோமின் என்ற காட்டு நெல் முற்றிவிட்டது என்று அனுபவஸ்தர்கள் பார்த்துச் சொன்ன பிறகே ஏரியில் ஓடத்தை இறக்குவது வழக்கம். நம் கண்மாய் மீன்பிடித் திருவிழாவில் ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும் வரை ஊத்தா என்ற மீன்பிடிக் கூடையோடு கரையில் காத்து நிற்கிறோமே, அந்த மாதிரி.

சரி, உங்கள் ஊர் முறையைப் பெரியவர்களிடம் கேட்டு எழுத வேண்டுமா? எனக்குப் பலித்ததைச் சொல்கிறேன்.

முதலில் வெற்றிலை பாக்கு. அனிஷினாபே மக்கள் பெரியவரிடம் எதையும் கேட்கும் முன் அசேமா என்னும் புகையிலையை வைப்பார்கள். அவர் வாங்கிக்கொண்டால் சொல்ல ஒப்புக்கொண்டார் என்று பொருள், வாங்காமலும் இருக்கலாம். அங்கே சிலர் அதை இதயப் பக்கம் என்று இடக்கையில் ஏந்துவார்களாம். நம் ஊரில் இடக்கையை நீட்டினால் கதை அத்தோடு முடிந்தது. இரண்டாம் முறை போனபோது கவுளி வெற்றிலையை இரண்டு கையாலும் கொடுத்தேன். தாத்தா ஒரு வெற்றிலையை எடுத்து வேட்டியில் துடைத்து, காம்பைக் கிள்ளி, சுருக்குப்பையிலிருந்து சுண்ணாம்பு எடுத்துத் தடவினார். மென்று முடிக்கும்வரை பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கால் மணி நேரம்தான் கஷ்டம்.

அடுத்தது காலம். அங்கே புனிதக் கதைகளைப் பனி பெய்து கிடக்கும் மாதங்களில் மட்டுமே சொல்வார்கள். நமக்கு வைகாசி சரி. கண்மாயில் தண்ணீர் இருக்கும்போது கேட்டால் அவரவர் வயலுக்குச் சாதகமாகத்தான் பதில் வரும். வறண்டு கிடந்தால் உள்ளேயே நடந்து போகலாம். கண்மாய்க்குள்ளேயே நிற்கும் குமிழி மடைக் கல்லில் மூன்று வெட்டு இருந்தது. மூன்றாவதைத் தாத்தா கட்டைவிரலால் தடவி, "இது வெளிய தெரிஞ்சா முறைப்பாச்சல்" என்றார். தண்ணீர் அந்த அளவுக்கு இறங்கினால் முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும் என்று அர்த்தம். என் 23 கேள்விகளில் அந்தக் கல்லே இல்லை.

"விதி என்ன?" என்று கேட்காதீர்கள். "யாராவது மீறினார்களா?" என்று கேளுங்கள். ஒரு வருஷம் மேல்மடைக்காரர் ராத்திரியில் பலகையைத் தூக்கிவிட்டாராம். அபராதம் பணமில்லை. கரை மராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் போகும் இடத்தில் அவர் வீட்டிலிருந்து மூன்று ஆள், அதுவும் கடைமடைக்காரர் முன்னால் மண் சுமக்க வேண்டும். இந்த ஒரு சம்பவத்தில் விதி, தண்டனை, காரணம் மூன்றும் இருக்கின்றன.

ஊர் கூடிப் பேசும் மந்தையில் உட்கார்ந்தவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். நடவுக்குப் போன பெண்களுக்கு எந்த வயலில் எப்போது தண்ணீர் நின்றது என்று தெரியும். தாத்தா சொன்ன வருஷத்தை என் அப்பத்தா திருத்தினார்: "அது பெரியவன் வயித்துல இருந்தப்ப." மடையைத் திறந்தவர்கள் பல ஊர்களில் மந்தையில் உட்கார விடப்படாதவர்கள், அவர்கள் சொல்வது வேறாக இருந்தால் அதையும் எழுதுங்கள். ஒருவரை ஒதுக்கி வைக்கும் வழக்கத்தைப் பெரியவர் வாயால் கேட்டாலும் அது சட்டமாகாது. வழக்கத்தையும் சட்டமாகக் கணக்கில் எடுக்கும் அரசியலமைப்பின் 13-ஆவது பிரிவே, அடிப்படை உரிமைக்கு முரணானதைச் செல்லாது என்கிறது.

கோர்ட்டில் இதெல்லாம் நிற்குமா என்று கேட்பார்கள். வாய்மொழி வரலாற்றையும் சாட்சியமாகக் கருத வேண்டும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 1997-இல், வேறு இரண்டு பூர்வகுடிகளின் வழக்கில் சொன்னது. 2024 வரை நடப்பில் இருந்த நம் 1872 சாட்சியச் சட்டத்தின் 48-ஆவது பிரிவிலேயே, வழக்கம் தெரிந்திருக்கக்கூடியவர்களின் கருத்துக்கு இடம் இருந்தது; அதற்குப் பதில் வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. அதற்குப் பழைய சட்டத்தில் கொடுத்திருந்த உதாரணம், ஒரு கிராமத்தார் ஒரு கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்தும் உரிமை! கல்லூரியில் மனப்பாடம் செய்தபோது அதில் ஒரு கிணறு இருப்பதைக் கவனிக்கவேயில்லை.

எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டுங்கள். 'கடைமடைக்கு முதல் உரிமை' என்று வாசித்தேன். தாத்தா கையைத் தூக்கினார். "உரிமைன்னு போடாத. முறைன்னு போடு." அவர் வெளியே சொல்ல வேண்டாம் என்ற இரண்டு விஷயங்கள் என் நோட்டிலும் இல்லை.

அப்புறம், வேலை முடிந்ததும் காணாமல் போய்விடாதீர்கள். போன பொங்கலுக்கு வெற்றிலையோடு போனேன்.

"கேஸ் என்னத்தா ஆச்சு?"

"வாய்தா, தாத்தா."

சிரித்துவிட்டுக் காம்பைக் கிள்ள ஆரம்பித்தார்.