அறிவியல் துணுக்குப் பரிசு வாங்கும் முன்

கேள்வி கேட்டே நம்மைத் துளைத்தெடுக்கும் குழந்தைக்கு அறிவியல் துணுக்குப் புத்தகமோ வினாடி வினா அட்டைகளோ அருமையான பரிசு. அட்டையில் போட்டிருக்கும் வயதை மட்டும் நம்பாமல், நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துப் படித்துப் பாருங்கள். 5, 6 வயதுக்கு ‘ஆக்டோபஸுக்கு 3 இதயம்’ என்று படத்தோடு ஒரே வரி போதும். 9, 10 வயதில் ‘அது எப்படி?’ என்று அடுத்த கேள்வி வரும். சூரிய ஒளி பூமிக்கு வர சுமார் 8 நிமிடம் ஆகும் என்றால், அந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். வெறும் விடைகள் அந்த வயதுக்குச் சீக்கிரம் சலித்துவிடும்.

அப்புறம், கோள்கள் பற்றிய பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். புளூட்டோவை 9-வது கோள் என்று போட்டிருந்தால் அது 2006-க்கு முந்தைய தகவல் (அந்த ஆண்டில்தான் அதைக் குறுங்கோள் என்று மாற்றினார்கள்), வாங்காதீர்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் சின்னச் சின்னக் காந்தங்கள் உள்ள அறிவியல் சோதனைப் பெட்டி வேண்டவே வேண்டாம்; விழுங்கிவிட்டால் ஆபத்து.