முதல் ஸ்மார்ட்போனுக்கு எந்த சிம் வாங்குவது?

போன் வாங்குவதற்கு முன் கேமரா, பேட்டரி, திரை என்று வாரக்கணக்கில் அலசுகிறோம். சிம்மை மட்டும் கடையில் நிற்கிற ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறோம். என் அம்மாவுக்கு முதல் ஸ்மார்ட்போன் வாங்கியபோது நானும் அப்படித்தான் செய்தேன். இருப்பதிலேயே விலை குறைந்த பிளானைப் பார்த்து, அந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டுக் கொடுத்தேன். வாசலில் நின்றால் வீடியோ தடங்கலில்லாமல் ஓடியது. அம்மாவின் அறைக்குள் போனால் அழைப்பே வரவில்லை. இரண்டு மாதம் அவர் ஜன்னலோரம் நின்றுகொண்டேதான் பேசினார். மூட்டுவலி உள்ளவரை அப்படி நிற்க வைத்தது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அதனால் இந்த வரிசையில் போகச் சொல்கிறேன்: முதலில் சிக்னல், அடுத்து போன், கடைசியில் பிளான்.

படி 1: நீங்கள் இருக்கும் இடத்தில் சிக்னலைப் பாருங்கள்

ஒரு நாளில் அதிக நேரம் எங்கே இருக்கிறீர்கள் என்று மூன்று இடங்களை எழுதிக்கொள்ளுங்கள். படுக்கையறை, வேலை செய்யும் அல்லது படிக்கும் இடம், தினமும் போய்வரும் வழி. பெரும்பாலானவர்களுக்கு இந்த மூன்றே போதும்.

நிறுவனங்களின் இணையதளத்தில் வண்ணம் பூசிய கவரேஜ் வரைபடம் இருக்கும். பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அந்த வரைபடங்கள் பெரும்பாலும் கணக்குப் போட்டு வரைந்த மதிப்பீடுகள். உங்கள் அறையின் சுவர் எவ்வளவு தடிமன் என்று அவற்றுக்குத் தெரியாது.

அதைவிட நம்பகமான வழி, அக்கம்பக்கத்திலோ நண்பர்களிடமோ வேறு வேறு நிறுவனங்களின் சிம் வைத்திருப்பவர்களை அந்த அறைக்கே அழைத்துப் பார்ப்பது. வைஃபையை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஓர் அழைப்பு செய்து ஒரு வீடியோவை ஓட்டிப் பாருங்கள். பகலில் ஒரு முறையும், இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு முறையும் செய்வது நல்லது. எல்லாரும் வீட்டுக்கு வந்து போனை எடுக்கும் நேரத்தில் ஒரே டவரைப் பலர் பங்குபோடுவார்கள். காலையில் பறந்த இணையம் இரவில் தவழ்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

திரையின் மேலே தெரியும் கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம். எத்தனை கோடு காட்டுவது என்பதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு போன் நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில், அமைப்புகளில் ‘போனைப் பற்றி’ என்ற பகுதிக்குள் சிம் நிலை என்று ஒன்று இருக்கும். அங்கே சிக்னல் வலிமை டிபிஎம் என்ற அலகில், மைனஸ் குறியோடு காட்டப்படும். பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 4ஜியில் -90 என்றால் நல்ல சிக்னல். -105 என்றால் சமாளிக்கலாம். -115ஐத் தாண்டினால் பேச்சு விட்டுவிட்டு வரத் தொடங்கும். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: -90க்கும் -100க்கும் உள்ள வேறுபாடு பார்க்கச் சின்னதாகத் தெரிந்தாலும், உண்மையில் சிக்னல் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று பொருள். ஒப்பிடும்போது முடிந்தவரை ஒரே போனில் சிம்மை மாற்றி மாற்றிப் பாருங்கள். போனுக்குப் போன் ஆன்டெனா வேறுபடும்.

தெருவில் 5ஜி காட்டுகிறது, வீட்டுக்குள் வந்தால் 4ஜிக்கு இறங்கிவிடுகிறதே என்று பலர் கேட்கிறார்கள். அது போனின் கோளாறு அல்ல. 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அலைவரிசைகள் வெகுதூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். 5ஜிக்குப் பல நாடுகளில் பயன்படும் 3500 மெகாஹெர்ட்ஸ் பகுதி நிறைய டேட்டாவைச் சுமக்கும். ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். நீங்கள் பெரும்பாலும் வீட்டுக்குள் இருப்பவர் என்றால், 5ஜி விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு, உள்ளே 4ஜி உறுதியாகக் கிடைக்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த நிறுவனமும் அறைக்குள் சரியாக எடுக்கவில்லை, ஆனால் வீட்டில் வைஃபை இருக்கிறது என்றால் இன்னொரு வழி உண்டு. ‘வைஃபை காலிங்’ வசதி தரும் நிறுவனமா, உங்கள் போனில் அது வேலை செய்யுமா என்று கேளுங்கள். டவர் இல்லாமலே, வழக்கமான எண்ணிலிருந்து பேசிவிடலாம்.

படி 2: போனும் சிம்மும் ஒத்துப்போகுமா?

புதுப் போனை உள்ளூர்க் கடையில் வாங்கினால் பெரும்பாலும் சிக்கல் வராது. பழைய போனோ வெளிநாட்டிலிருந்து வந்த போனோ என்றால் இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

போன் ஒரே நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டதா என்று பாருங்கள். தவணையில் தரும் போன்களில் இப்படிப் பூட்டு இருக்கலாம். வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்புறம் *#06# என்று அழுத்துங்கள். ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். திருட்டுப் போன்களை இந்த எண்ணை வைத்துத்தான் முடக்குகிறார்கள். அதனால் பழைய போன் வாங்கும்போது திரையில் வரும் எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வோல்ட்டி (VoLTE), அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி. 4ஜி அடிப்படையில் டேட்டாவுக்காக உருவானது. அதன் வழியாகக் குரல் அழைப்பு போக வேண்டுமானால் போனிலும் நிறுவனத்திடமும் வோல்ட்டி வசதி வேண்டும். அது இல்லாத போன், அழைப்பு வரும்போது 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கும். ஆனால் பல நாடுகளில் அவற்றை மூடிக்கொண்டே வருகிறார்கள். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-ல் 3ஜியை முழுவதும் நிறுத்திவிட்டன. ஆக, இணையம் நன்றாக ஓடும், அழைப்பு மட்டும் போகாது என்ற நிலை வரலாம்.

சிம் அளவு பற்றிக் கவலை வேண்டாம். இன்றைய போன்களில் சிம் தட்டு இருந்தால் அது 12.3க்கு 8.8 மில்லிமீட்டர் உள்ள நானோ சிம்முக்கானது. இ-சிம் (அட்டையாகச் செருகாமல், போனுக்குள்ளேயே இருக்கும் சிம்) மட்டும் உள்ள போன்களும் வருகின்றன, அதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: எவ்வளவு டேட்டா வேண்டும்?

செய்தி அனுப்புவது, வரைபடம் பார்ப்பது, பணம் அனுப்புவது எல்லாம் சொற்ப டேட்டாவில் முடிந்துவிடும். தின்பது வீடியோதான். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 0.7 ஜிபி, எச்டி தரத்தில் 3 ஜிபி வரை ஆகலாம். வெளியில் இருக்கும்போது எத்தனை மணி நேரம் வீடியோ பார்ப்பீர்கள் என்பதை இதோடு பெருக்கினால் ஓரளவு கணக்கு வந்துவிடும். தெரியவில்லை என்றால் சின்னப் பிளானில் தொடங்குங்கள். மாத முடிவில் போனின் டேட்டா பயன்பாட்டுப் பக்கமே விடையைச் சொல்லிவிடும்.

படி 4: பிளானின் சின்ன எழுத்துகளைப் படியுங்கள்

முதல் ஸ்மார்ட்போனுக்கு நான் எப்போதும் ப்ரீபெய்ட்தான் சொல்வேன். முன்பணம் கட்டிய அளவோடு நின்றுவிடும், மாத முடிவில் எதிர்பாராத பில் வந்து திடுக்கிட வைக்காது, பிடிக்கவில்லை என்றால் எளிதாக விலகலாம்.

வேலிடிட்டி எத்தனை நாள் என்று பாருங்கள். 28 நாள் பிளானை மாதப் பிளான் என்று நினைத்துவிடுகிறோம். 12 முறை ரீசார்ஜ் செய்தால் 336 நாள்தான் ஆகும். ஆண்டை முடிக்க 13-வது முறையும் பணம் கட்ட வேண்டும். இரண்டு பிளான்களை ஒப்பிடும்போது விலையை நாட்களால் வகுத்து, ஒரு நாளுக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

‘அன்லிமிடெட்’ என்று எழுதியிருந்தால், எந்த அளவுக்குப் பிறகு வேகம் குறையும் என்று தேடுங்கள். 64 கேபிபிஎஸ் என்று இருந்தால், அது விநாடிக்கு 8 கிலோபைட்தான். 3 எம்பி புகைப்படம் ஒன்று வந்து சேர ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதேபோல் ஹாட்ஸ்பாட் (உங்கள் போனின் இணையத்தை வேறு சாதனங்களோடு பகிர்வது) அனுமதி உண்டா, ரீசார்ஜ் முடிந்த பிறகும் உள்வரும் அழைப்பு எத்தனை நாள் வரும் என்பதையும் கேளுங்கள். கடைசிக் கேள்வி வயதானவர்களுக்கு ரொம்ப முக்கியம். ரீசார்ஜ் தீர்ந்ததே தெரியாமல், பிள்ளைகளிடமிருந்து அழைப்பு வரவில்லையே என்று காத்திருப்பார்கள்.

சொந்த டவர் இல்லாமல், பெரிய நிறுவனத்தின் டவரை வாடகைக்கு எடுத்து நடத்தும் நிறுவனங்களும் பல நாடுகளில் உண்டு. விலை குறைவாக இருக்கும். ஆனால் நெரிசல் நேரத்தில் சில இடங்களில் டவர் வைத்திருப்பவரின் வாடிக்கையாளர்களுக்கே முன்னுரிமை போகும். இரவில் சோதித்துப் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 5: வாங்கிய அன்றே சோதியுங்கள்

சிம்மை உங்கள் பெயரில், உங்கள் அடையாளச் சான்றில் வாங்குங்கள். மற்றவர் பெயரில் இருக்கும் எண் சட்டப்படி அவருடையது. போன் தொலைந்தால் மாற்று சிம் வாங்கவும் அவரைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே சாதாரண போனில் ஓர் எண் இருந்து, அதையே புது நிறுவனத்துக்குக் கொண்டுபோக விரும்பினால், பழைய இணைப்பை நீங்களாகத் துண்டித்துவிடாதீர்கள். துண்டித்த எண்ணை மாற்ற முடியாமல் போய்விடும். பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே போர்ட் செய்ய விண்ணப்பியுங்கள்.

சிம் இயங்கத் தொடங்கியதும் அழைப்பு போகிறதா, வருகிறதா, எஸ்எம்எஸ் வருகிறதா, இணையம் ஓடுகிறதா என்று நான்கையும் பாருங்கள். அழைப்பு சரியாக இருந்து இணையம் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் ஏபிஎன் அமைப்பில்தான் (போன் நிறுவனத்தின் இணையத்தோடு இணைவதற்கான அமைப்பு) தவறு இருக்கும். வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் சரியான அமைப்பைச் சொல்வார்கள்.

புது எண் என்றால், அதை வங்கியிலும் மற்ற கணக்குகளிலும் பதிவு செய்வதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். அந்த ஒரு வாரமும் உங்கள் மூன்று இடங்களிலும் போனைப் பயன்படுத்திப் பாருங்கள். ஓடிபி கதவு சாத்திய அறைக்குள்ளும் வருகிறது என்றால், அப்போது எண்ணைக் கொடுங்கள்.