சுபாரு எஸ்டிஐ காரின் இன்டர்கூலருக்குக் கரியமில வாயுத் தெளிப்பான் பொருத்தும் முறை

என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ காற்றை அழுத்தும்போது அந்தக் காற்று சூடாவதைத் தவிர்க்க வழியில்லை. வெளிக்காற்று 30 டிகிரி செல்சியஸில் இருக்க, டர்போ 70 சதவீதத் திறனில் 1 பார் பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேலான கூடுதல் அழுத்தம்) கொடுத்தால், அதன் கம்ப்ரஸரை (காற்றை அழுத்தும் பகுதியை) விட்டு வெளியேறும் காற்றின் வெப்பம் ஏறக்குறைய 125 டிகிரியைத் தொடும். இன்டர்கூலரின் வேலை அதைக் குறைப்பது. 2004 முதல் 2007 வரை அமெரிக்காவில் விற்பனையான சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ காரில் இன்டர்கூலர் என்ஜினுக்கு மேலே, பானட்டில் உள்ள காற்றுவாய்க்கு நேர் கீழே அமர்ந்திருக்கிறது. வண்டி ஓடும்போது இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கால் மைல் நேர்கோட்டு டிராக் (drag) பந்தயத்துக்காக வரிசையில் நிற்கும்போது மேலிருந்து காற்று வராமல், கீழிருந்து என்ஜினின் சூடு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். இதை உணர்ந்துதான் சுபாரு நிறுவனமே அந்த மாடலில் தண்ணீர் தெளிப்பான் ஒன்றை வைத்தது. அதே இடத்தில் திரவக் கரியமில வாயுவைத் தெளிக்கும் அமைப்பைப் பந்தயத் திடலில் மட்டும் ஓட்டும் வண்டிக்குப் பொருத்தும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் கணக்கு. 20 டிகிரியில் உள்ள ஒரு கிலோ திரவக் கரியமில வாயு ஆவியாகி, மறுபடி 20 டிகிரிக்குத் திரும்புவதற்குள் ஏறக்குறைய 240 கிலோ ஜூல் வெப்பத்தை உறிஞ்சும். 300 குதிரைத்திறன் தரும் என்ஜின் முழு வேகத்தில் விநாடிக்குச் சுமார் 0.22 கிலோ காற்றை இழுக்கிறது எனக் கொண்டால், அந்தக் காற்றை 10 டிகிரி குறைப்பதற்கே 2.2 கிலோவாட் குளிர்ச்சி தேவைப்படும். அதாவது இழப்பே இல்லாவிட்டாலும் விநாடிக்கு 9 கிராம் வாயு செலவாகும். தெளிப்பதில் பாதி வீணாகிறது என்று வைத்துக்கொள்வதே நியாயம். மாறாக, இன்டர்கூலரின் கோரில் (காற்றைக் குளிர்விக்கும் தகடுகள் நிறைந்த நடுப்பகுதியில்) 3 கிலோ அலுமினியம் இருப்பதாகக் கொண்டால், அதைப் புறப்படுவதற்கு முன்பே 30 டிகிரி குறைக்க 81 கிலோ ஜூல் போதும். அந்தக் குளிர்ச்சி பந்தயத்தின் முதல் சில விநாடிகளுக்குக் கைகொடுக்கும். ஆகவே இந்த அமைப்பின் உண்மையான பயன் ஓட்டத்தின்போது தெளிப்பதைவிட, புறப்படும் கோட்டில் நிற்கும்போது கோரைக் குளிர்விப்பதில்தான் இருக்கிறது. சிறிய இன்டர்கூலரின் குறையை இது மூடிமறைக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள், அந்தப் பணத்தைப் பெரிய இன்டர்கூலருக்குச் செலவிடுவதே நல்லது.

நைட்ரஸ் ஆக்சைடையும் இதே வேலைக்குப் பயன்படுத்துவதுண்டு. அதன் கொதிநிலை மைனஸ் 88 டிகிரி என்பதால் குளிர்ச்சி நன்றாகவே கிடைக்கும். ஆனால் அது எரிதலை ஊக்குவிக்கும் வாயு. தெளித்ததில் ஒரு பகுதி காற்று வடிகட்டி வழியாக என்ஜினுக்குள் போனால் கலவையில் எரிபொருள் பற்றாக்குறையாகும், எண்ணெய் படிந்த சூடான என்ஜின் அறையில் தீப்பற்றினால் அந்தத் தீயை அது வளர்க்கவும் செய்யும். கரியமில வாயு உள்ளே போனால் சக்தி குறையும், அவ்வளவுதான். எனவே இங்கே கரியமில வாயுவையே எடுத்துக்கொள்கிறேன்.

தேவையான பொருட்கள் இவை: 10 பவுண்டு, அதாவது சுமார் 4.5 கிலோ கொள்ளும் அலுமினிய சிலிண்டர், அதன் இரும்புப் பிடிகள், உள்ளே பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) குழாயும் வெளியே எஃகுப் பின்னலும் கொண்ட நாலாம் எண் (-4 AN அளவு) ஹோஸ், வடிகட்டி, 12 வோல்ட் சோலனாய்டு வால்வு (மின்சாரத்தால் திறக்கும் வால்வு), துளையிட்ட தெளிப்புக் குழாய், ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்), ஃபியூஸ், சுவிட்சுகள். சோலனாய்டு கரியமில வாயுவின் அழுத்தத்துக்கென்றே தயாரிக்கப்பட்டதாகவும், மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும் வகையாகவும் இருக்க வேண்டும். 20 டிகிரியில் சிலிண்டருக்குள் சுமார் 57 பார் அழுத்தம் இருக்கும். எரிபொருளுக்கோ தண்ணீருக்கோ செய்த வால்வு இதைத் தாங்காது.

சிலிண்டரைப் பின்புற டிக்கியில் பொருத்துவதே வழக்கம். திரவம் அடியிலும் ஆவி மேலேயும் இருப்பதால், உள்ளே அடிவரை செல்லும் உறிஞ்சுக் குழாய் உள்ள சிலிண்டரையே வாங்க வேண்டும். சாதாரண சிலிண்டரை நிமிர்த்தி வைத்தால் வெறும் ஆவிதான் வரும், அதில் குளிர்ச்சி மிகக் குறைவு. நேரான உறிஞ்சுக் குழாய் என்றால் சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். படுக்க வைப்பதானால் வளைந்த குழாய் உள்ளதைத் தேர்ந்து, வால்வு வண்டியின் முன்பக்கம் பார்த்தபடி சற்று உயர்ந்தும், குழாயின் முனை பின்புற அடியிலும் இருக்குமாறு வைக்க வேண்டும். வண்டி பாயும்போது திரவம் பின்னோக்கித்தான் ஒதுங்கும். பிடிகளைத் தகட்டில் வெறுமனே திருகக் கூடாது. தரைக்கு அடியில் தடித்த எஃகுத் தகடு கொடுத்து, அதன் ஊடாக போல்ட் போட வேண்டும். அமெரிக்காவின் என்எச்ஆர்ஏ டிராக் பந்தய விதிகள் நைட்ரஸ் சிலிண்டருக்கு 1800 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) அழுத்த முத்திரையையும் நிலையான பொருத்தத்தையும் கேட்கின்றன. ஹோஸ் கிளாம்ப், பிளாஸ்டிக் கட்டு ஆகியவற்றை ஏற்பதில்லை. கரியமில வாயுவுக்கும் அதே ஒழுங்கைப் பின்பற்றுவது உத்தமம். சிலிண்டரின் பாதுகாப்புத் தகடு உடைந்தால் வாயு வெளியேறும் வழியில் ஒரு குழாய் இணைத்து, அதைத் தரை வழியாக வண்டிக்கு வெளியே விட வேண்டும். டிக்கிக்கும் இருக்கைகளுக்கும் இடையே உள்ள தடுப்பு காற்றுப் புகாதது அல்ல. காற்றில் 4 சதவீதம் கரியமில வாயு கலந்தாலே அது உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகைப்படுத்தப்பட்ட அளவு.

ஹோஸை வண்டியின் அடியில், பிரேக் குழாய்கள் செல்லும் பாதையை ஒட்டி, சைலன்சர் குழாயிலிருந்து இயன்ற அளவு விலக்கிக் கொண்டுவர வேண்டும். சூடு பட்டால் திரவம் வழியிலேயே ஆவியாகிவிடும். தகட்டைத் துளைத்துச் செல்லும் இடங்களில் ரப்பர் வளையம் அவசியம். கூம்பு முனை கொண்ட இணைப்புகளில் எந்தப் பசையும் தடவக் கூடாது. சாய்வு மரை உள்ள இணைப்புகளில் மட்டும் டெஃப்லான் பசை இடலாம். டெஃப்லான் நாடா வேண்டாம்: அதன் இழைகள் பிய்ந்து போய் நாசில் துளையை அடைக்கும்.

வேலையின் நுட்பமெல்லாம் சோலனாய்டு எங்கே இருக்கிறது என்பதில்தான். கரியமில வாயு 5.2 பாருக்குக் கீழே திரவமாக இருக்க முடியாது. அந்த அழுத்தத்துக்குக் கீழ் இறங்கினால் அது ஆவியாகவும் உலர்பனித் (திட நிலைக் கரியமில வாயு) தூளாகவும் பிரிந்துவிடும். சோலனாய்டை டிக்கியிலேயே வைத்துவிட்டால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதற்குப் பின்னுள்ள நீண்ட வெற்றுக் குழாயில் திரவம் விரிந்து, பனித்தூள் கட்டியாகி அடைத்துக்கொள்ளும்; பொத்தானை அழுத்தியவருக்கு முதலில் ஒரு சீறல், பிறகு ஒன்றுமில்லை. எனவே சோலனாய்டை என்ஜின் அறையில், இன்டர்கூலருக்கு ஒரு முழத்துக்குள், டர்போவின் சூடு படாத பக்கத்தில் வைக்க வேண்டும். வழி முழுவதிலும் மிகக் குறுகலான இடம் தெளிப்புத் துளைகளாகவே இருக்க வேண்டும். வேறெங்காவது ஒடுக்கம் இருந்தால் குளிர்ச்சி அங்கேயே தீர்ந்துவிடும், அந்த இடத்தில் வெளியே படியும் வெள்ளைப் பனியே அதைக் காட்டிக்கொடுக்கும்.

தெளிப்புக் குழாயை இன்டர்கூலரின் மேல்முகத்தின் முன்விளிம்பை ஒட்டி, துளைகள் கோரை நோக்கிச் சாய்ந்திருக்குமாறு பொருத்த வேண்டும். பானட்டின் உட்புறக் காற்றுவழியும் அதன் ரப்பர் ஓரமும் கோருக்கு மிக அருகில் வந்து அமர்வதால், குழாயின் மேல் களிமண் உருண்டைகளை ஒட்டி, பானட்டை மெதுவாக மூடித் திறந்து, அவை எவ்வளவு நசுங்கியிருக்கின்றன என்று பார்ப்பது எளிய சோதனை. தெளிப்பு டர்போவின் மீது நேராகப் படக் கூடாது. பழுக்கச் சூடான வார்ப்பிரும்பில் திடீர்க் குளிர்ச்சி விரிசலை உண்டாக்கும்.

இந்தக் காருக்கே உரிய ஓர் ஆபத்தையும் கவனிக்க வேண்டும். ஏசிக்கு வெளிக்காற்று எடுக்கும் வாய் முன்கண்ணாடியின் அடியில், இன்டர்கூலருக்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கிறது. வண்டி நிற்கும்போது தெளித்தால், காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான அந்த வாயு அங்கே தேங்கி உள்ளே இழுக்கப்படலாம். பானட்டின் பின் ஓர ரப்பர் முழுமையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெளிக்கும் முன் விசிறியை நிறுத்தி, உட்சுழற்சிக்கு மாற்றி, கண்ணாடிகளை இறக்கிவிட வேண்டும்.

மின்இணைப்பில் புதுமை எதுவும் இல்லை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் முனைக்கும், 87இலிருந்து சோலனாய்டுக்கும் கம்பி செல்லும். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் கம்பியிலிருந்து எடுத்து, முதன்மைச் சுவிட்சையும் ஸ்டீயரிங் அருகிலுள்ள அழுத்துப் பொத்தானையும் வரிசையாக இணைத்து, 86ஆம் முனைக்குத் தர வேண்டும், 85 பாடிக்கு. ஓட்டத்தின்போது தானாகத் தெளிக்க விரும்பினால் 0.5 பாரில் இயங்கும் பூஸ்ட் சுவிட்சைப் பொத்தானுக்கு இணையாகப் போடலாம்.

கசிவுச் சோதனைக்குக் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சிலிண்டர் வால்வை மெல்லத் திறந்து, எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். திறந்த வெளியில் செய்வது நல்லது. பிறகு சிலிண்டரை எடை போட்டு, 10 விநாடி தெளித்து, மறுபடி எடை போட்டால் விநாடிக்கு எத்தனை கிராம் செலவாகிறது என்பது தெரிந்துவிடும். குளிர்ச்சியை அளக்க இன்டர்கூலருக்கும் திராட்டிலுக்கும் (என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) இடையே தனி வெப்ப உணரி வைத்தாக வேண்டும். இந்த எஸ்டிஐயின் வெப்ப உணரி காற்றளவு உணரியோடு சேர்ந்து டர்போவுக்கு முன்பே இருப்பதால், இன்டர்கூலருக்குப் பின் காற்று எவ்வளவு குளிர்ந்தது என்பது என்ஜின் கணினிக்குத் தெரியாது. அதே காரணத்தால், இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) தெளிப்பு இல்லாத நிலையில்தான் டியூன் செய்ய வேண்டும். தெளிப்பை நம்பி முன்னகர்த்திய டைமிங், பாதி ஓட்டத்தில் சிலிண்டர் தீர்ந்தால் பிஸ்டனைப் பதம் பார்க்கும்.

தெளிப்பதை ஒரே மூச்சில் செய்யாமல், சில விநாடி தெளித்து, சில விநாடி விட்டு, உணரியின் எண்ணைப் பார்த்துச் செய்ய வேண்டும். ஈரப்பதம் மிகுந்த நாளில் காற்றிலுள்ள நீராவி தகடுகளுக்கு இடையே உறைந்து, காற்று போகும் வழியையே அடைத்துவிடும். உருகி ஓடுபாதையில் சொட்டும் நீரைத் திடல் அதிகாரிகள் விரும்ப மாட்டார்கள். கோடைகாலத்தில் வேறொரு சிக்கலும் உண்டு: 31 டிகிரிக்கு மேல் சிலிண்டருக்குள் திரவம் என்ற நிலையே இல்லாமல் போய், அழுத்தம் ஏறி, குளிர்ச்சி குறையும். மூடிய டிக்கி அந்த அளவை எளிதாகத் தாண்டும் என்பதால், ஓட்டங்களுக்கு இடையே சிலிண்டரை நிழலில் வைப்பது பலன் தரும்.

ஓட்டம் முடிந்ததும் முதலில் சிலிண்டர் வால்வை மூடி, அதன்பின் பொத்தானை அழுத்தி ஹோஸில் மிஞ்சியதை வெளியேற்ற வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. இரு முனையும் மூடிய ஹோஸில் திரவம் நிரம்பியிருந்து சூடேறினால், விரிவதற்கு இடமின்றி அது ஹோஸையே வெடிக்கச் செய்யும். எவ்வளவு மீதம் இருக்கிறது என்று அழுத்தமானியைப் பார்த்து அறிய முடியாது, ஏனெனில் கடைசித் துளி திரவம் உள்ளவரை அது ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். தராசில் வைத்து, சிலிண்டரின் கழுத்தில் பொறித்துள்ள வெற்று எடையைக் கழித்துக்கொள்ள வேண்டும். அங்கேயே சோதனைத் தேதியும் இருக்கும். அதிலிருந்து 5 ஆண்டு கடந்துவிட்டால், மறு அழுத்தச் சோதனை செய்யாமல் நிரப்பிக்கொள்ள முடியாது.