டர்போ ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) இழுக்கவில்லையா?

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் 3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடச் சுமார் 30 சதவீதம் குறைவு. அதை ஈடுகட்டத்தான், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ. அங்கே வண்டி திடீரென்று மந்தமானால் உடனே டர்போ மேல் பழி போடாதீர்கள். எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயின் கிளாம்ப்பை அசைத்துப் பாருங்கள். லூசாக இருந்தால் அழுத்தம் அங்கேயே கசிந்துவிடும். இணைப்பைச் சுற்றிப் புதிதாக எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் கசிவு அங்கேதான் இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் காற்று உள்ளே போகும் வலை. பொடிப்பனி அப்பியிருக்கும், தட்டிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) ஏறுகிறது, வண்டியின் வேகம் மட்டும் ஏறவில்லையா? எஞ்சினை விடுங்கள். எஞ்சின் சக்தியை வண்டியை ஓட்டும் பகுதிக்குக் கடத்தும் டிரைவ் பெல்ட்டின் பக்கவாட்டைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி பளபளத்தால் வழுக்குகிறது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள்.